மின்தடை அறிவிப்பும் சர்வர் அறையும்

கடலூர் மாவட்டத்துச் செய்திகளைத் தாங்கி வரும் நாளிதழ் எதை எடுத்துப் புரட்டினாலும், உள்பக்கத்தின் ஓரத்தில் ஒரு சிறு அறிவிப்பு மாதந்தோறும் இடம்பெறுவதைக் காணலாம். இன்ன துணை மின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்புப் பணி நடைபெறவிருப்பதால், நாளை காலை 9 மணி முதல் மாலை வரை பின்வரும் பகுதிகளில் மின் விநியோகம் இருக்காது என்பதே அதன் சாராம்சம். அதைப் படித்த குடும்பத்தினர் பொழுது விடியுமுன்பே மாவரைத்து, மேல்தொட்டியில் தண்ணீர் ஏற்றி, கைபேசிக்குச் சார்ஜ் போட்டு வைத்துக்கொள்கின்றனர். ஜெராக்ஸ் கடைக்காரர் அவசர வேலைகளை முந்தைய நாள் இரவே முடித்துக் கொடுத்துவிடுகிறார். ஆனால் அதே பகுதிகளில் சர்வர் வைத்து நடத்தும் அலுவலகங்களும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் அன்றைய தினத்தை வந்து சேர்ந்த ஒரு தொல்லையாகவே பாவித்து, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி, எப்படியாவது மாலை வரை ஒப்பேற்றிவிடுவதிலேயே கண்ணாயிருக்கின்றன. அந்த நாளை ஓர் ஒத்திகை நாளாக ஏற்றுக்கொண்டு, சர்வர்களில் இயங்கும் சேவைகளை ஒவ்வொன்றாக முறைப்படி நிறுத்தி, மின்சாரம் வந்ததும் முறைப்படி தொடங்கிப் பார்க்கும் வழக்கம் இம்மாவட்டத்தில் வேரூன்ற வேண்டும் என்பதே நான் இங்கே வற்புறுத்த விரும்பும் விஷயம்.

வேறு மாவட்டத்தார் இதைச் சொன்னால் நல்ல யோசனை என்ற அளவில் நின்றுவிடும். கடலூர்க்காரர் சொல்லும்போது அதற்கு அனுபவத்தின் பலம் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினம் முதல் பரங்கிப்பேட்டை வரையுள்ள கரையோரக் கிராமங்களுக்குள் கடல் புகுந்ததையும், 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் வேரோடு சாய்த்து, மின்கம்பங்களை வரிசை வரிசையாக முறித்துப் போட்டதையும், பல கிராமங்கள் அதன் பிறகு வாரக்கணக்கில் இருளில் கிடந்ததையும், 2015 நவம்பரில் பெய்த பெருமழையையும், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின் பின்னே சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட வெள்ளம் தென்பெண்ணை வழியாக வந்து நகரின் ஓரத்துக் குடியிருப்புகளுக்குள் நுழைந்ததையும் கண்ணால் கண்டவர்கள் நாம். சுனாமி வந்த காலத்தில் கடலூர் மஞ்சக்குப்பத்து அலுவலகங்களில் காகிதமே பிரதானமாயிருந்தது. நனைந்த காகிதத்தை வெயிலில் உலர்த்தி எடுக்க முடிந்தது. இன்றோ பட்டாவும் சிட்டாவும், சாதிச் சான்றும் வருமானச் சான்றும், மாணவர் உதவித்தொகையும் மருத்துவமனைப் பதிவும் கம்ப்யூட்டருக்குள்ளே குடியேறிவிட்டன. புயல் நிவாரணத்தில் ஒரு பகுதியும் வங்கிக் கணக்கின் வழியாகவே வருகிறது. கூரையைப் பறிகொடுத்த ஒருவர், ஈரம் காயாத உடையோடு அலுவலக வாசலில் வந்து நின்று, “சர்வர் டவுன், நாளைக்கு வாங்க” என்ற வார்த்தையைக் கேட்டுத் திரும்பிப் போவதைக் காட்டிலும் மனத்தை வருத்தும் காட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை. கரண்ட் வந்த பிறகும் அந்தப் பதிலே கிடைக்கிறது என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. மின்சாரம் திரும்பியும் சர்வர் திரும்பாமற் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இயந்திரக் கோளாறு அன்று. அதற்குமுன் ஒருநாளும் அதை யாரும் நிறுத்தித் தொடங்கிப் பார்த்ததில்லை என்பதே.

ஓர் அலுவலகத்தின் சர்வரில் ஒரே ஒரு காரியம் மட்டும் நடப்பதில்லை. இணையதளம், தகவல்தளம், மின்னஞ்சல், தமிழகக் கல்லூரிகள் பலவற்றில் பழக்கத்திலிருக்கும் கோகா என்னும் நூலக மென்பொருள், வருகைப் பதிவேடு ஆகிய யாவும் ஒரே இயந்திரத்தில் நெருங்கி வாழ்கின்றன. அவற்றில் ஒன்றைப் பழுது பார்ப்பதற்காக மற்ற எல்லாவற்றையும் நிறுத்த நேர்ந்தால், ஒருவரும் எதையும் நிறுத்தத் துணிய மாட்டார். இந்த இக்கட்டை உணர்ந்துதான் யூனிக்ஸ் பரம்பரையைச் சேர்ந்த இயங்குதளங்களில், ஒரு சேவை மற்றொன்றைக் காணவோ தீண்டவோ இயலாதபடி பிரித்து வைக்கும் தனிச்சூழல்கள் படிப்படியாகத் தோன்றின. 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் ‘சீஹெச்ரூட்’ என்ற வசதி, ஒரு நிரலுக்குக் கண்ணில் படும் கோப்புகளின் எல்லையை மட்டும் சுருக்கிக் காட்டியது. டென்மார்க்கைச் சேர்ந்த பவுல்-ஹென்னிங் காம்ப் அந்தக் கருத்தை வெகுதூரம் வளர்த்து, கோப்பு, வலைமுகவரி, நிர்வாகியின் அதிகாரம் ஆகிய மூன்றையும் சேர்த்து எல்லைக்குட்படுத்தும் ‘ஜெயில்’ என்ற ஏற்பாட்டை அமைத்தார். 2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளிவந்த ஃபிரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் 4.0 பதிப்பில் அது பொதுப் பயனுக்கு வந்தது. சன் நிறுவனத்தின் சோலாரிஸ் ‘ஸோன்’ என்ற பெயரிலும், லினக்ஸ் ‘கன்டெய்னர்’ என்ற பெயரிலும் அதே வழியைப் பின்பற்றின. 2013இல் கன்டெய்னர்களை எளிதாகக் கையாள உதவும் டாக்கர் என்ற மென்பொருள் வந்த பிறகு கல்லூரி மாணவர்கூட மடிக்கணினியில் பத்துப் பதினைந்து தனிச்சூழல்களை வைத்துப் பழகும் நிலை ஏற்பட்டது. எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும், இயங்குதளத்தின் மையமாகிய கெர்னல் ஒன்றே. அதன் மேல் ஒவ்வொரு சேவையும் தானே தனி இயந்திரம் என்ற எண்ணத்தோடு இயங்குகிறது.

இந்த ஏற்பாட்டின் அனுகூலங்களைப் பற்றிப் பேசும்போது பாதுகாப்பையும் சிக்கனத்தையும் எல்லோரும் பிரஸ்தாபிக்கின்றனர். அவற்றினும் பெரிய நன்மையாக நான் கருதுவது, ஒரு சேவையைப் பிறவற்றுக்கு ஊறு நேராமல் நிறுத்தவும் மீண்டும் தொடங்கவும் அது தரும் சௌகரியமே. இத்தனை வசதி கையிலிருந்தும் அதைப் பிரயோகிக்காமல், சர்வரைத் தொடுவதற்கே அஞ்சிக்கொண்டிருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தை அளிக்கிறது.

நிறுத்துதல் என்றால் சுவிட்சை அணைப்பது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது பல படிகளையுடைய காரியம். ஃபிரீபிஎஸ்டியில் ஒரு ஜெயிலை நிறுத்தும்படி கட்டளையிட்டால், முதலில் அந்த ஜெயிலுக்குள்ளே அதற்கென்று அமைந்த முடிப்புக் கட்டளைத் தொகுப்பு ஓடி, சேவைகள் தத்தம் கணக்கை முடித்துக்கொள்ள இடங்கொடுக்கிறது. அதற்குப் பிறகும் எஞ்சி நிற்கும் நிரல்களுக்கு, முடித்துக்கொள்ளும்படி கேட்கும் ‘சிக்டெர்ம்’ என்ற சமிக்ஞை அனுப்பப்படுகிறது. நாம் வேறு விதமாகச் சொல்லியிராவிட்டால் 10 விநாடி காத்திருந்து, அப்போதும் அடங்காதவற்றை முடித்துவிட்டு ஜெயில் நீக்கப்படுகிறது. டாக்கரிலும் கன்டெய்னரின் முதல் நிரலுக்கு அதே சமிக்ஞையும் அதே 10 விநாடியும் உண்டு; பிறகு வருவது ‘சிக்கில்’ என்ற, மறுப்புக்கோ தாமதத்துக்கோ இடந்தராத சமிக்ஞை. கன்டெய்னர்களைக் கூட்டமாக நிர்வகிக்கும் குபர்னெட்டிஸில் அந்த அவகாசம் 30 விநாடி. எழுதிக்கொண்டிருந்த வரியை முடிக்கவும், வாயிலில் நிற்கும் கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லவும், நினைவகத்தில் இருப்பதை வட்டில் பதிக்கவும் ஒரு தகவல்தளத்துக்கு இந்தச் சொற்ப நேரம் போதுமா போதாதா என்பது அந்தந்த அலுவலகத்தின் வேலைப்பளுவைப் பொறுத்தது. போதாவிட்டால் அவகாசத்தை நீட்டி எழுதிவைக்க மூன்று ஏற்பாடுகளிலும் வழி இருக்கிறது. ஆனால் போதுமா என்பதை எப்படி அறிவது? நிறுத்திப் பார்த்தாலன்றி அறிய வேறு மார்க்கமில்லை.

இதிலே இன்னுமொரு நுட்பம் இருக்கிறது; பலர் அதை அறியாமலே ஆண்டுக்கணக்கில் சர்வர் நடத்துகின்றனர். லினக்ஸ் கன்டெய்னருக்குள் முதலாவதாகத் தொடங்கும் நிரலுக்கு 1 என்ற எண் கிடைக்கிறது. அந்த எண்ணையுடைய நிரல், தான் இன்ன சமிக்ஞையை ஏற்பேன் என்று வெளிப்படையாக அறிவித்திருந்தாலொழிய, முடித்துக்கொள்ளும்படி உள்ளிருந்தோ வழக்கமான முறையிலோ வரும் சமிக்ஞைக்குச் செவிசாய்ப்பதில்லை. கட்டளையை, கட்டளைகளை வாங்கி இயக்கும் ‘ஷெல்’ என்ற நிரலின் வழியாகத் தொடங்கும்படி எழுதிவிட்டால், சமிக்ஞை ஷெல்லோடு நின்றுபோய், உண்மையான சேவையைச் சென்றடைவதே இல்லை. விளைவு, ஒவ்வொரு முறையும் 10 விநாடி மௌனமாகக் கழிந்து, பின்னர் அந்தச் சேவை பலவந்தமாக முடிக்கப்படுகிறது. திரையைப் பார்ப்பவருக்கு நிறுத்தம் ஒழுங்காகவே நடந்ததாகத் தோன்றும். நின்றுவிட்டதா என்று மட்டும் பாராமல், எத்தனை விநாடியில் நின்றது என்றும் பார்ப்பவரே இந்தக் குறையைக் கண்டுபிடிக்கிறார். சரியாகப் பத்தாம் விநாடியில் நிற்கும் கன்டெய்னர் தானாக நின்றதன்று.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் சர்வர் அறையில், இத்தகைய நிறுத்தமொன்றை அருகிருந்து காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. நிர்வாகியாயிருந்தவர் இளைஞர், நூலகத்துக்குரிய ஜெயிலின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அவர் நோட்டுப் புத்தகம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, நூலகருக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லிவிட்டு, ‘சர்வீஸ் ஜெயில் ஸ்டாப்’ என்ற கட்டளையை நூலக ஜெயிலின் பெயரோடு சேர்த்துத் தட்டினார். சற்று நேரத்தில் இயங்கும் ஜெயில்களின் பட்டியலில் அந்தப் பெயர் காணப்படவில்லை. முடிந்தது என்று எண்ணி நான் எழுந்தபோது, “சார், கொஞ்சம் பொறுங்க, இது இன்னும் முழுசா அடங்கல” என்றார். பட்டியல் கேட்கும் கட்டளையில் இன்னொரு குறியைச் சேர்த்து அவர் மறுபடி தட்டியபோது, அந்த ஜெயில் அடங்கிக்கொண்டிருக்கும் நிலையில் இருப்பதாகத் திரை காட்டியது. நிரல்கள் யாவும் முடிந்துவிட்டாலும், வெளியே திறந்திருந்த வலைத்தொடர்பு ஏதேனும் பூரணமாக மூடப்படாமல் எஞ்சியிருந்தால், கெர்னல் அந்த ஜெயிலின் பதிவை உடனே அழிப்பதில்லை. அந்த இடைவேளையில் அதே எண்ணோடு அவசரப்பட்டுத் தொடங்க முயல்பவருக்குப் பிழைச்செய்திதான் கிடைக்கும். அந்த இளைஞர் பதற்றமின்றிக் காத்திருந்து, பெயர் முற்றிலும் மறைந்ததைக் கண்ட பிறகே அடுத்த வரிக்குச் சென்றார். நோட்டில் அவர் குறித்துக்கொண்டது நேரத்தை மட்டுமே: கட்டளை இட்ட நேரம், அடங்கிய நேரம், தொடங்கிய நேரம், முதல் வாசகரின் தேடலுக்குப் பதில் வந்த நேரம். அந்த நான்கு குறிப்புகளில் நிர்வாகத்தின் முழு இலக்கணமும் இருப்பதாக எனக்குப் பட்டது.

தொடங்குதல் இதைவிடக் கடினம். இயங்கிக்கொண்டிருக்கும் சேவைகளுக்கிடையே யார் யாரை நம்பி நிற்கின்றனர் என்பது அவை ஓடிக்கொண்டிருக்கும் வரை வெளியே தெரிவதில்லை. தகவல்தளம் எழுந்திருக்குமுன் இணையதளம் எழுந்துவிட்டால், அது தன் ஆதாரத்தைக் காணாமல் தடுமாறி நின்றுவிடுகிறது. சில மென்பொருள்கள் மறுபடி முயன்று பிழைத்துக்கொள்ளும், பல பிழைப்பதில்லை. ஜெயிலின் அமைப்புக் கோப்பில் இன்ன ஜெயில் இன்னதைச் சார்ந்தது என்று எழுதிவைக்க இடமுண்டு. நிறுத்தும்போது தொடங்கிய வரிசைக்கு நேர்மாறாக நிறுத்தும்படி சொல்லவும் இடமுண்டு. பல கன்டெய்னர்களைச் சேர்த்து நடத்தும் டாக்கர் கம்போஸிலும் சார்பைக் குறிப்பிடலாம். ஆனால் வெறுமனே குறிப்பிட்டால், சார்ந்திருக்கும் கன்டெய்னர் தொடங்கிவிட்டதா என்று மட்டுமே அது பார்க்கிறது, பதில் சொல்லும் நிலைக்கு வந்ததா என்று பார்ப்பதில்லை. நலம் விசாரிக்கும் சோதனையொன்றை எழுதி, அதில் தேறிய பிறகே அடுத்ததைத் தொடங்கு என்று தனியாகச் சொல்ல வேண்டும். இதை எழுதாமல் விட்டவர்கள் அநேகர். சாதாரண நாளில் அந்தக் குறை வெளிப்படாது. இயந்திரம் முழுவதும் ஒருசேர எழும் நாளில், அதாவது மின்சாரம் போய்த் திரும்பும் நாளில், வெளிப்பட்டே தீரும்.

தில்லை நடராஜர் ஆலயத்தில் ஆறு கால பூஜைகளின் முடிவாகிய அர்த்தஜாமத்துக்குப் பின் சுவாமியின் பாதுகைகள் பல்லக்கில் பள்ளியறைக்கு எழுந்தருளுவதையும், விடியற்காலையில் அங்கிருந்து மேளதாளத்தோடு மீண்டும் சிற்சபைக்குத் திரும்புவதையும் தரிசித்தவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். சாத்துவதற்கு ஒரு முறையும் திறப்பதற்கு ஒரு முறையும் அங்கே வகுக்கப்பட்டிருக்கின்றன. எது முந்தி எது பிந்தி என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. அந்த முறை நூல்களில் மட்டும் இருந்து காப்பாற்றப்படவில்லை, அன்றாடம் அனுஷ்டிக்கப்படுவதாலேயே காப்பாற்றப்படுகிறது.

தொடங்குதலில் உள்ள இடர்கள் வரிசையோடு முடிந்துவிடவில்லை. ஒரு கன்டெய்னரைப் பழுது பார்ப்பதற்காக நிர்வாகி வேண்டுமென்றே நிறுத்திவைத்திருக்கும் சமயத்தில் மின்சாரம் போய், இயந்திரம் மறுபடி எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கன்டெய்னருக்கு ‘ஆல்வேஸ்’ என்ற மறுதொடக்க விதி எழுதப்பட்டிருந்தால், டாக்கர் எழுந்தவுடன் அதுவும் தானாக எழுந்து, பாதி மாற்றப்பட்ட தகவலின் மேல் வேலை செய்யத் தொடங்கிவிடும். ‘அன்லெஸ் ஸ்டாப்டு’ என்று எழுதியிருந்தால், நிறுத்தப்பட்டது நிறுத்தப்பட்டதாகவே இருக்கும். ஒரு சொல்லின் தேர்வில் ஒரு மாத உழைப்பின் கதி அடங்கியிருக்கிறது. அவ்வாறே, நிறுத்துவதாக எண்ணிக்கொண்டு ‘டவுன்’ என்ற கட்டளையை இடும் மாணவர்களைக் கண்டிருக்கிறேன். ‘ஸ்டாப்’ நிறுத்துகிறது, ‘டவுன்’ கன்டெய்னரையே அகற்றுகிறது. தகவலைத் தனித் தொகுதியில் சேமிக்காமல் கன்டெய்னரின் உள்ளேயே வைத்திருந்தவர்களுக்கு அது அத்தோடு போயிற்று. பழைய இயந்திரங்களில் மதர்போர்டின் சிறு பேட்டரி தீர்ந்திருந்தால், நீண்ட மின்தடைக்குப் பின் கடிகாரம் பல ஆண்டு பின்னே போய் நிற்கும். அப்போது பாதுகாப்புச் சான்றிதழ்கள் யாவும் இன்னும் காலம் வராதவையாகத் தோன்றி, எல்லாச் சேவைகளும் ஓடிக்கொண்டிருக்க, ஒன்றும் ஒன்றோடு பேச மறுக்கும். தனிச்சூழல்கள் கெர்னலின் கடிகாரத்தையே நம்பியிருப்பதால் உள்ளிருந்து அதைத் திருத்தவும் வழியில்லை. சில நூறு ரூபாய்கூடப் பெறாத அந்தச் சிறு பேட்டரிக்காக ஓர் அலுவலகம் ஒரு நாள் முழுவதும் கதவடைத்திருந்ததை நான் அறிவேன்.

முறைப்படி நிறுத்த வேண்டும் என்பதற்கு எதிராக ஓர் ஆழ்ந்த அபிப்பிராயம் அறிஞரிடையே உண்டு. அதை மரியாதையோடு எடுத்துரைப்பது என் கடமை. 2003இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் காண்டியா, ஆர்மாண்டோ ஃபாக்ஸ் ஆகிய இருவரும், மென்பொருளுக்கு முறையான நிறுத்தம் என்ற ஒன்றே தேவையில்லை, திடீரென்று முடிவதையே அதன் ஒரே நிறுத்த வழியாகவும், அதிலிருந்து மீண்டெழுவதையே ஒரே தொடக்க வழியாகவும் அமைத்துவிட வேண்டும் என்று வாதித்தனர். விபத்து எப்படியும் வரும். அதிலிருந்து மீளும் வழி எப்படியும் வேண்டும். அப்படியிருக்க, அந்த வழியை அன்றாடம் பயன்படுத்தினால் அது துருப்பிடிக்காதல்லவா என்பது அவர்களுடைய தர்க்கம். புயல் கரையோரத்தில் வாழும் நமக்கு இந்தத் தர்க்கம் மிகவும் உறைக்கிறது. போஸ்ட்கிரெஸ் போன்ற தகவல்தளங்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் முன்கூட்டியே ஒரு பதிவேட்டில் எழுதிவைத்து, திடீரென்று நின்றாலும் அந்தப் பதிவேட்டைப் படித்து மீண்டெழும் ஆற்றலுடையவை. ஆனால் நம் அலுவலகங்களில் ஓடும் மென்பொருள்கள் எல்லாம் அத்தனை ஆற்றலுடையவை அல்ல. யாரோ ஓர் ஒப்பந்ததாரர் எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவையும் அவற்றில் உண்டு. ஆகையால் எவற்றை முறைப்படி நிறுத்த முடியுமோ அவற்றை முறைப்படி நிறுத்துவதும், திடீர் நிறுத்தத்தை எவை தாங்கும் என்பதை அமைதியான ஒரு நாளில் சோதித்து அறிவதும் ஆகிய இரண்டுமே நமக்கு வேண்டியவை. இரு கட்சியாரும் ஒன்றுபடும் இடம், தொடக்கத்தைப் பழகிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது.

பெரிய நிறுவனங்கள் இதை வெகுநாளைக்கு முன்பே கண்டுகொண்டன. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தன் சர்வர்களைத் தானே, அதுவும் ஊழியர்கள் விழித்திருக்கும் வேலை நேரத்திலேயே, முன்னறிவிப்பின்றி முடித்துவைக்கும் நிரலொன்றை அமைத்து, 2012இல் அதைப் பொதுவிலும் வெளியிட்டது. 2021 அக்டோபர் 4 அன்று பராமரிப்புக்காக இடப்பட்ட ஒரு கட்டளையின் பிழையால் ஃபேஸ்புக் ஏறத்தாழ 6 மணி நேரம் உலகெங்கும் மறைந்துபோனபோது, சேவைகள் அனைத்தையும் ஒரே கணத்தில் எழுப்பினால் மின்சாரத் தேவை திடீரென்று உயர்ந்து புதிய ஆபத்தை விளைவிக்கும் என்று பொறியாளர்கள் அஞ்சினர். முன்பே பலமுறை நடத்தியிருந்த புயல் ஒத்திகைகளே அந்த நேரத்தில் கைகொடுத்தன என்று அந்நிறுவனமே பின்னர் விளக்கமளித்தது. அவர்கள் தங்கள் சர்வர் கூடங்களுக்குப் புயல் ஒத்திகை நடத்துகிறார்கள். ஆண்டுதோறும் புயலை எதிர்நோக்கும் நாம் நடத்தவில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர் நம் மாவட்டத்தில் தீயணைப்புத் துறையினரும் பேரிடர் மீட்புப் படையினரும் ரப்பர் படகோடும் கயிறோடும் மீட்பு ஒத்திகை நடத்திக் காட்டுகின்றனர். பொதுமக்கள் கூடி நின்று பார்க்கின்றனர். அந்த நாட்களோடு சர்வர் ஒத்திகையையும் சேர்த்துக்கொள்வதில் ஒரு தடையும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தடையாக நிற்பது ஒரு மனோபாவமே. “எங்க சர்வர் ரெண்டு வருஷமா ஒருதரம்கூட நின்னதில்ல சார்” என்று பெருமையோடு சொல்லும் நிர்வாகிகளைப் பல இடங்களில் சந்திக்கலாம். அவர்களுடைய உழைப்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் இரண்டு வருஷமாக நிற்காத சர்வர் என்பதற்கு, இரண்டு வருஷமாகத் தொடங்கிப் பார்க்கப்படாத சர்வர் என்றும், கெர்னலின் பாதுகாப்புத் திருத்தங்கள் பெரும்பாலும் செயலுக்கு வராத சர்வர் என்றும் பொருள். அந்த இடைக்காலத்தில் எத்தனையோ கோப்புகள் கைவைத்துத் திருத்தப்பட்டிருக்கும். கட்டளையாகத் தட்டியது அமைப்புக் கோப்பில் எழுதப்படாமல் விடுபட்டிருக்கும். தட்டியவரே மாற்றலாகிப் போயிருப்பார். மேலதிகாரிகளும், எத்தனை நாள் நிற்காமல் ஓடியது என்று விசாரிக்கிறார்களேயன்றி, கடைசியாக எப்போது நிறுத்தித் தொடங்கினீர்கள் என்று விசாரிப்பதில்லை. பின்னதை விசாரிக்கும் வழக்கம் மேலிருந்து ஆரம்பித்தால், கீழே உள்ளவர்களுக்கு நிறுத்தும் துணிவு தானே பிறக்கும். ஒத்திகையில் ஏதேனும் எழாமற் போனால் அவர்மீது பழி சுமத்தாமல், குறை முன்கூட்டியே அகப்பட்டதற்கு அவரைப் பாராட்டவும் வேண்டும்.

செய்ய வேண்டியவை செலவு பிடிக்கும் காரியங்களல்ல. யூ.பி.எஸ். இல்லாத சர்வர் இம்மாவட்டத்தில் அபூர்வம். ஆனால் பேட்டரி தீரும் தறுவாயில் சர்வருக்குச் சமிக்ஞை கொடுத்து, தனிச்சூழல்களை வரிசையாக நிறுத்தச் செய்யும் இணைப்புக் கம்பி பல இடங்களில் பெட்டியிலிருந்தே எடுக்கப்படவில்லை. அந்த வேலைக்கென்றே விலையின்றிக் கிடைக்கும் மென்பொருள் உண்டு. 1929இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரால் நிறுவப்பட்டு, 2013 முதல் அரசின் நேரடிப் பொறுப்பில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணினி பயிலும் மாணவர்களுக்கு, பாடப்புத்தகத்தில் உள்ள இயங்குதளத் தத்துவங்களோடு, இம்மாவட்டத்து அலுவலகம் ஒன்றில் ஒரு மின்தடை நாளைச் செலவிட்டு நிறுத்தத்தையும் தொடக்கத்தையும் குறித்து வருவதைச் செய்முறைப் பயிற்சியாக வைக்கலாம். சிதம்பரத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் கடலூர் முதுநகரிலும் மின்தடை வெவ்வேறு நாட்களில் வருவதால், ஒரே குழு மாதத்தில் பல இடங்களுக்குச் சென்று உதவவும் கூடும்.

ஒத்திகையின் முடிவில் ஒவ்வொரு சர்வர் அறையிலும் மிஞ்ச வேண்டியது ஒரே ஒரு தாள். எந்தத் தனிச்சூழல் முதலில் நிற்க வேண்டும், எது கடைசியில். ஒவ்வொன்றும் அடங்க எத்தனை விநாடி ஆகும். தொடங்கும்போது எதை முதலில் எழுப்பி, எந்த அடையாளத்தைக் கண்ட பிறகு அடுத்ததற்குப் போகலாம். யாரைக் கூப்பிட வேண்டும், அவர் எண் என்ன என்பவற்றை அதில் எழுதி, பிளாஸ்டிக் உறையிட்டு, கதவின் உட்புறத்தில் ஒட்ட வேண்டும். சர்வரே நின்றிருக்கும்போது சர்வருக்குள் இருக்கும் குறிப்பை யாரும் படிக்க முடியாது. அந்தத் தாள் தமிழில் இருக்க வேண்டும் என்பதையும் நான் வலியுறுத்துகிறேன். புயல் வீசும் இரவில், சாலையில் மரங்கள் விழுந்து, நிர்வாகி வந்து சேர இயலாத நேரத்தில், அந்த அறையின் சாவியை வைத்திருப்பவர் பெரும்பாலும் இரவுக் காவலராகவே இருக்கிறார்.